புகை யார் வீட்டுப் புகை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையே குறித்தது என்று தமிழ் வகுப்பில் படித்தோம். பூவின் நாற்றம் என்று பழம்புலவர்கள் கூசாமல் பாடினார்கள். பின்னாளில் அச்சொல்லின் தரம் இறங்கியது. இன்று ஒருவரைப் பார்த்து "உன் துணி நாறுகிறது" என்று சொன்னால் அவர் நம்மோடு பேசுவதையே நிறுத்திவிடுவார். சொல்லுக்கு நேர்ந்த இக்கதி மனிதருக்கும் நேர்வதுண்டு. என் தாய்க்கு நேர்ந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தோழர்களே, தோழியரே! பிறரிடமிருந்து வாங்கிய பழைய கைவேலைச் சாமான்களில் ஏறியிருக்கும் சிகரெட் வாடையை எவ்வாறு போக்குவது? இதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். "ஆண்டு மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை? நாட்டு முன்னேற்றம், மாணவர் கடமை என்று எழுதக் கூடாதா?" என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழத்தான் செய்கிறது. பொறுமையாகப் படியுங்கள். ஒரு நூல் உருண்டைக்குள் எவ்வளவு செய்தி சுருண்டு கிடக்கிறது என்பது விளங்கும்.

எங்கள் ஊர் பீடி சுற்றும் ஊர். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இத்தகைய ஊர்கள் எத்தனையோ உண்டு. மாலை வேளையில் தெருவழியே நடந்தால் திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். இலையை வெட்டுவதும், தூளை வைத்துச் சுருட்டுவதும், நூலால் கட்டுவதும் கண் பாராமலே கை செய்யும். ஆச்சி இன்றும் சுற்றுகிறார். அம்மா பதினைந்து வயதில் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் சுற்றினார். அந்தக் காசில்தான் நான் பள்ளிக்குச் சென்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாகவும் ஆனேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆயினும் ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர் ஒருவரும் இல்லை. அப்பா வெற்றிலைகூடப் போடாதவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குத் தோள்வலி முற்றியது. வாரத்தில் மூன்று நாள்தான் இலை கொடுத்தார்கள். அப்போது அடுத்த தெரு டீச்சர் அத்தையிடம் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். பீடி நூலைக் கட்டிய விரல்களுக்குக் குரோஷா நூல் எளிதில் வசப்பட்டது. பிறந்த குழந்தைக்குத் தொப்பி, காலுறை, சிறு போர்வை என்று பின்னத் தொடங்கினார். ஒன்றிரண்டு பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். கம்பளி நூல் விலைதான் கையைக் கடித்தது.

இந்நிலையில் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவ்வீட்டு மூதாட்டி கைவேலையில் கைதேர்ந்தவராம். பார்வை மங்கிவிட்டதால் சாமான்களைக் கொடுத்துவிட எண்ணினார்கள். நாற்பது நூல் உருண்டைகள், எம்பிராய்டரி நூல் சிட்டங்கள், ஊசிகள், ஆறு மரவளையங்கள், ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள், பூவேலை மாதிரிகள் அச்சிட்ட மூன்று பழைய புத்தகங்கள், இவையெல்லாம் அடைத்த ஒரு தகரப்பெட்டி, ஆக மொத்தம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மகளிர் குழுவில் கடன் வாங்கி அம்மா அதை எடுத்து வந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் பொங்கலன்றுகூடக் கண்டதில்லை.

விடுதியிலிருந்து வந்திருந்த நான் பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தேன். "பூட்டியே கெடந்த வாடட்டீ, வெயில்ல போட்டா போயிரும்" என்றார் அம்மா. ஒரு நாள் வெயிலில் போட்டோம். பிறகு, பிள்ளைக்குத் தலை உலர்த்துவது போலக் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை பிடித்தோம். பெட்டிக்குள் இரண்டு பாச்சை உருண்டைகளையும் போட்டு வைத்தோம். புகை வாடைக்குப் புகையே மருந்து என்று எண்ணிய எங்கள் அறியாமையை என்னென்பது! அதிலும் ஒருத்தி வேதியியல் மாணவி!

அந்த நூலில் அம்மா பின்னிய முதல் தொப்பியும் காலுறையும் நானூற்றைம்பது ரூபாய்க்கு விலைபோயின. நான்காம் நாள் வாங்கியவர் திரும்பி வந்தார். நான் அப்போது வீட்டில் இருந்தேன். "தொப்பியப் போட்டா பிள்ள தலையெல்லாம் பீடி வாடை. பீடி சுத்துற வீட்டுல வாங்குனது என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் திண்ணையில் வைத்தார். எதிரே ஆச்சி சுளகோடு உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு சொல்லும் எதிர் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இரவு படுத்த பிறகு சொன்னார்: "நம்ம கைவாசந்தாம்ட்டீ. இருபத்தஞ்சு வருசம் தூள்ல கெடந்த கை. நூல்ல ஏறாம எங்க போவும்? குழுக் கடன வேற அடைக்கணும். திங்கக்கெழம திரும்பப் போயி இலை கேக்கேன்."

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பாசத்தால் மட்டும் மறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். புகையிலையின் வாசம் வேறு. புகையிலை எரிந்த புகையின் வாசம் வேறு. பச்சை அரிசிக்கும் அடிப்பிடித்த சோற்றுக்கும் உள்ள வேறுபாடு அது. எரியும்போது பழைய மூலக்கூறுகள் உடைந்து புதியன ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாக அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2010ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. சுளகில் கிடக்கும் தூளில் அவை எங்கிருந்து வரும்? என்றாலும் வாயால் சொன்னால் போதுமா? செய்து பார்த்துவிடுவது என்று துணிந்தேன்.

கடையில் உறை பிரிக்காத புதிய நூல் ஒன்று வாங்கினேன். அதில் பாதியை எங்கள் வீட்டில், ஆச்சியின் சுளகுக்கு அருகிலேயே, பத்து நாள் வைத்தேன். பிறகு மூன்று கண்ணாடிப் பாட்டில்கள் எடுத்துக்கொண்டேன். முதலாவதில் புதிய நூல். இரண்டாவதில் எங்கள் வீட்டுக் காற்றுப் பட்ட நூல். மூன்றாவதில் பெட்டியிலிருந்து எடுத்த நூல். இறுக மூடி அரைமணி நேரம் வெயிலில் வைத்து, எண்ணை மட்டும் ஒட்டி, வகுப்புத் தோழியர் ஐவரிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். எது எந்த நூல் என்று சொல்லவில்லை. ஐவரும் மூன்றாம் பாட்டிலைத் திறந்த நொடியே "சிகரெட்" என்றார்கள். இரண்டாம் பாட்டிலில் இருவருக்கு மட்டும் வெற்றிலைபாக்குக் கடை வாசம் போல ஏதோ மெலிதாகப் பட்டதாம். மற்ற மூவர் முதலாவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை என்றார்கள். எங்கள் வீட்டு வாசம் நூலில் சிறிதும் ஏறவில்லை என்று நான் சாதிக்கவில்லை. ஏறுகிறது, ஆனால் குழந்தைத் தொப்பி திரும்பி வந்ததற்குக் காரணம் அதுவன்று.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. பாளையங்கோட்டை வீட்டில் அந்த மூதாட்டி உட்கார்ந்து பின்னிய அதே அறையில், சாய்வு நாற்காலியில் அவர் கணவர் முப்பது ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்துவந்தார். "வாடை ஒன்றும் இருக்காதே!" என்று விற்றவர்கள் சொன்னது பொய்யன்று. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிடும். மீன் சந்தைக்குள் நுழைந்து பத்து நிமிடம் ஆனவர்கள் அறிவார்கள். சிகரெட் வீட்டாருக்குச் சிகரெட் வாடை தெரியாது. தூளில் கிடந்த அம்மாவுக்கும் எளிதில் தெரியாது. இருவருக்கும் நடுவே அந்த வாடை யார் கண்ணிலும் படாமல் கைமாறி, கடைசியில் பழியாக இறங்கிய இடம் எங்கள் திண்ணை. சாய்வு நாற்காலியில் பிடித்த சிகரெட்டுக்கு, பீடி சுற்றியவள் தலைகுனிந்தாள். இது நீதியா என்று கேட்கிறேன்.

இனி, போக்கும் வழிக்கு வருவோம். வாடையை ஏதோ ஆவி, காற்றாடினால் ஓடிவிடும் என்று எண்ணுகிறோம். சிகரெட் புகையில் வாயுக்களோடு, பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அளவுடைய துகள்கள் மிதக்கின்றன. அவை பிசுபிசுப்பான தாரும் நிகோட்டினும் சேர்ந்தவை. போய்ப் படிந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி இழையோ ஈரத்தையும் வாடையையும் உண்பதில் பேராசைக்காரி. தன் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாது. நிகோட்டின் எண்ணெய் போன்ற நீர்மம். கொதிநிலை 247 டிகிரி செல்சியஸ். ஒரு நாள் வெயில் அதை என்ன செய்யும்? கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில், ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாம்பிராணியும் பாச்சை உருண்டையும் வாசனைத் தெளிப்பானும் செய்வது அந்த வாடைக்கு மேல் இன்னொரு வாடையைப் போர்த்துவதுதான். போர்வை மெலிந்ததும் உள்ளே இருந்தது எட்டிப் பார்க்கும். எங்களுக்கு அதற்கு நான்கு நாள் ஆயிற்று.

நிகோட்டின் மூலக்கூறில் பத்துக் கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அந்த நைட்ரஜன்களால் அது ஒரு காரம். புகைக்கே உரிய நெடியைத் தரும் பிரிடின் வகைப் பொருள்களும் காரங்களே. காரத்துக்கு எதிரி யார்? பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும், அமிலம் என்று. அமிலத்தோடு சேர்ந்தால் இவை உப்பாகின்றன. உப்பு எளிதில் ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு எட்டாது; நீரில் கரையும், ஆகவே அலசினால் போய்விடும். கடையில் விற்கும் வினிகரில் ஏறக்குறைய நான்கு விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அம்மா, "புளித் தண்ணி ஆவாதா?" என்று கேட்டார். பித்தளைக் குடத்தைத் துலக்கும் அதே அமில குணம் இங்கும் உதவும்தான்; ஆனால் வெள்ளை நூல் செங்காவி நிறமாகிவிடும். வினிகரே நல்லது. அதன் சொந்த வாடை உலரும்போது தானே பறந்துவிடும்.

எனினும் எடுத்தவுடன் வினிகரில் முக்கினால் பாதிப் பயன்தான். தார் எண்ணெய்ப் பசையுடையது. அதன் அடியில் சிக்கியதை நீர் எட்டாது. முதலில் பசையைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் உருண்டையைப் பிரிக்க வேண்டும். இதை என் புத்தகம் சொல்லவில்லை, அம்மா சொன்னார். "உருண்டையோட முக்குனா உள்ளுக்க இருக்கது அப்படியேதான இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, நாற்காலிக் கால்களில் சுற்றி நாற்பதையும் சிட்டமாக்கினார். சிக்காமல் இருக்க நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டினார். இரண்டு நாள் நிழலில் காற்றாடவிட்டோம். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நுரைத் தண்ணீரில் கால்மணி நேரம் போட்டு, கசக்காமல் அமுக்கி எடுத்தோம். வடிந்த தண்ணீர் தேயிலைச் சாறு போல மஞ்சளாக வந்ததைப் பார்த்து ஆச்சி, "இத்தன நாளு இதயா பிள்ளைகளுக்குப் போட்டோம்!" என்று கன்னத்தில் கை வைத்தார். பிறகு நான்கு லிட்டர் நீருக்கு ஒரு தம்ளர் வினிகர் கலந்து அரைமணி நேரம் ஊறல். பின் இரு முறை நல்ல தண்ணீரில் அலசல். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி ஈரம் ஒற்றி, நிழலில் பாய்மேல் பரப்பி உலர்த்தினோம். சில சிட்டங்களுக்கு ஒரு முறை போதவில்லை. மூன்று முறை செய்தோம்.

கம்பளிக்கு வெந்நீர் ஆகாது, கசக்கல் ஆகாது. இழையின்மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூட்டிலும் உரசலிலும் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நூல் கட்டியாகிவிடும். காரமான சோப்பும் கெடுதலே. பிளீச்சிங் பவுடரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கம்பளி புரதம், அதை அது தின்றுவிடும். அத்தோடு வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நம் நுரையீரலையும் பதம் பார்க்கும். முதலில், கையிலிருப்பது கம்பளிதானா என்று பாருங்கள். ஓர் இழையைக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அது அக்ரிலிக். எங்கள் நாற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான்! முதலில் அம்மாவுக்கு மனம் சற்றே உடைந்தது. பிறகு, அதைக் கொஞ்சம் துணிந்து துவைக்கலாம் என்றதும் தேறிக்கொண்டார். பருத்தி எம்பிராய்டரி நூலில் சாயம் போகுமா என்பதை ஈரவெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துவிட்டே தண்ணீரில் போட வேண்டும். வினிகர் சாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். இக்காலப் பருத்திச் சாயங்களுக்கு அந்த நம்பிக்கை பலிக்காது. எங்களுக்குச் சிவப்பு இரண்டு சிட்டம் பாழ்.

இவ்விடத்தில் கைப்பேசிப் படங்களில் வரும் ஒரு பெரிய அறிவுரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலக்குங்கள், பொங்கிவரும் நுரையே வாடையை விரட்டும் என்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நுரைப்பது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அமிலமும் போயிற்று, சோடாவும் போயிற்று! ஒன்றையொன்று கொன்றுவிட்ட பிறகு வாடையோடு சண்டைபோட யார் இருக்கிறார்? பருத்தித் துணிக்குச் சோடாத் தண்ணீர் பயன்படும். ஆனால் தனியாக, வேறொரு முறை அலசும்போது. பல்லாயிரம் பேர் பார்த்துத் தலையாட்டும் இந்தப் படங்களைக் கண்டால், நாம் நடுநிலையாக்கல் வினைக்காகப் பிப்பெட்டும் பியூரெட்டுமாக ஒரு பருவம் முழுவதும் நின்றது வீணோ என்று தோன்றுகிறது. நம் ஆய்வுக்கூடக் கதவுக்கும் நம் வீட்டு அடுப்படிக்கும் நடுவே யாரோ சுவர் எழுப்பிவிட்டார்கள். அம்மா கேட்டிராவிட்டால் நானும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருப்பேன்.

தண்ணீர் படக் கூடாத சாமான்களை என்ன செய்வது? ஊசி, கத்தரி, பொத்தான் எல்லாம் சோப்புத் தண்ணீரில் அடங்கிவிடும். அவற்றுக்கு நுண்துளை இல்லை. மரவளையங்களில் சுற்றியிருந்த பழைய நாடாவை அவிழ்த்து எறிந்தோம். மரத்தை வினிகர்த் துணியால் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தோம். நூல் சுற்றியிருந்த அட்டைகள் அனைத்தையும் அடுப்பில் போட்டோம். துவைத்த நூலை மறுபடி அவற்றில் சுற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டை போடுவதற்கு ஒப்பாகும்.

புத்தகங்கள்தாம் உயிரை வாங்கின. தாள் எல்லாவற்றையும் உறிஞ்சும்; எதையும் எளிதில் விடாது. பெரிய தகர டின்னில், பக்கங்கள் விரிந்திருக்குமாறு நிறுத்தி, அடியில் சிரட்டைக் கரியைத் துணியில் முடிந்து வைத்து, மூடி இறுக்கினோம். கரியின் நுண்துளைச் சுவர்களில் வாடை மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். பரப்புக் கவர்ச்சி என்று நாம் படித்தது இதுவே. ஆலையில் கிளர்வூட்டிய கரியானால் ஒரு கிராமிலேயே ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு உண்டு. அதையும் நம் தமிழ்நாட்டில் சிரட்டைக் கரியிலிருந்தே தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக் கரிக்கு அந்த வலிமை இல்லை. அதனால் நிறைய வைக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும், பொறுக்க வேண்டும். மூன்று வாரத்தில் இரண்டு புத்தகங்கள் வழிக்கு வந்தன. மூன்றாவது வரவேயில்லை. எறிந்துவிடலாம் என்றேன். அதில் ஒரு மயில் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அதை விட மனமில்லை. என் செய்முறை நோட்டிலிருந்து வரைபடத்தாள்கள் நான்கைக் கிழித்து வாங்கிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கட்டம் கட்டமாக எண்ணி இரண்டு இரவில் மயிலை வரைந்து எடுத்துவிட்டார். பிறகே புத்தகம் குப்பைக்குப் போயிற்று.

"ஒரு வாடைக்காக இவ்வளவு பாடா?" என்று கேட்பீர்கள். வாடை மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன். புகைப்பவர் இழுப்பது ஒன்று. அருகிலிருப்பவர் சுவாசிப்பது இரண்டு. சுவரிலும் துணியிலும் படிந்து கிடப்பதை மூன்றாம் கைப் புகை என்கிறார்கள். 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரைக்குப் பின் இப்பெயர் பரவியது. அடுத்த ஆண்டே, கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார், பரப்புகளில் படிந்த நிகோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்களாக மாறுவதைக் காட்டினார்கள். அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஒரு தொப்பியும் ஒரு புகையறையும் ஒன்றென்று சொல்லி யாரையும் நான் அச்சுறுத்த விரும்பவில்லை. ஆனால் பிறந்து பத்து நாளான குழந்தை துணியைச் சும்மா போட்டுக்கொண்டிருக்குமா? வாயில் வைத்துச் சப்பும். அதன் தோலும் மெல்லியது. தொப்பியைத் திருப்பித் தந்த தாய் செய்தது முற்றிலும் சரி. அவர் நெடியை அறிந்ததில் பிழை இல்லை. அந்த நெடிக்கு அவர் வைத்த பெயரில்தான் பிழை.

ஆகவே என் கருத்து இதுதான். பழைய துணியோ நூலோ தாளோ விற்பவர், அந்த வீட்டில் புகைப்பவர் உண்டா என்பதைச் சொல்லி விற்க வேண்டும். அவர் மூக்கு சாட்சி சொல்லாது என்று கண்டோம், நாக்குச் சொல்லட்டும். சாயம் போகும் துணியைச் சொல்லி விற்கிறார்கள். ஓட்டைப் பாத்திரத்தைச் சொல்லி விற்கிறார்கள். இதில் மட்டும் என்ன தயக்கம்? விலை குறையும் என்பார்கள். குறையட்டும்! வினிகருக்கும் பூந்திக்கொட்டைக்கும் இரண்டு வார உழைப்புக்கும் விலை உண்டல்லவா? இப்போது அந்த விலையைக் கொடுப்பவர் யார்? கடன் வாங்கிச் சாமான் எடுக்கும் பெண்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கின்றன. வீட்டின் உள்ளறை பொது இடமன்று. அங்கே சட்டம் நுழையாது. ஆனால் அந்த உள்ளறையின் நூல் உருண்டை விலைக்கு வெளியே வரும்போது அதன் புகையும் கூடவே பொதுவுக்கு வந்துவிடுகிறது. சட்டம் வரும் வரை காத்திராமல், விற்பவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

வாங்குபவருக்கும் ஒரு சொல். சந்தேகம் வந்தால் பாட்டில் சோதனை செய்யுங்கள், செலவு ஒன்றுமில்லை. வாடை எந்த வீட்டுடையது என்று தீர்ப்பளிக்கும் முன், அந்த வீட்டில் புகைப்பவர் உண்டா என்று கேளுங்கள். பீடி சுற்றும் கைக்கும் பீடி பிடிக்கும் வாய்க்கும் உள்ள தொலைவு தெரியாமல் பேசுபவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. முதலாண்டில் என் பையை முகர்ந்து பார்த்துச் சிரித்தவர்களை நான் மறக்கவில்லை. அவர்களுள் ஒருத்திதான் மேற்சொன்ன சோதனையில் ஐந்தாவது மூக்காக இருந்து உதவினாள் என்பதையும் மறக்கவில்லை.

அம்மா திங்கட்கிழமை இலை கேட்கப் போகவில்லை. துவைத்த நூலை மூடியிட்ட டப்பாவில், ஆச்சியின் சுளகுக்கு எட்டாத பின்னறையில் வைத்திருக்கிறார். ஆச்சிக்கு இதில் கொஞ்சம் வருத்தம், "எஞ் சுளகு என்ன செஞ்சிது?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இரண்டாம் பாட்டிலைப் பற்றிச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். திருப்பித் தந்த தொப்பியைப் பிரித்து, துவைத்து, மறுபடி பின்னி, எங்கள் தெருவிலேயே பிறந்த குழந்தைக்கு அம்மா இனாமாகக் கொடுத்துவிட்டார். குழுக் கடனில் இன்னும் அறுநூறு ரூபாய் பாக்கி.

சென்ற மாதம் சங்கரன்கோவில் பக்கம் இன்னொரு வீட்டில் பழைய நூல் இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். வீட்டுக்கார அம்மாள் பெட்டியை இழுத்து முன்னால் வைத்தார். அம்மா மூடியைத் திறக்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. மரியாதையாகத் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தப்பா நெனைக்காதீய மதினி, ஒங்க வீட்டுல யாராவது சிகரெட்டு குடிப்பாவளா?" என்றுதான் முதலில் கேட்டார்.